நடந்து பார்த்தால் தெரியும் ஐதராபாத்!

ஐதராபாத்தில் பத்து வருஷம், பதினைந்து வருஷமாகக் குடியிருக்கும் தமிழர்கள் பலரை நாம் அறிவோம். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம், அங்கிருந்து ஆபீஸ் அல்லது வேலைத்தலம், மாதம் ஒரு முறை ஊருக்குப் பணம், வருஷம் ஒரு முறை ஊருக்குப் பயணம் என்று அவர்கள் காலம் ஓடிவிடுகிறது. இதற்கு மேல் அவர்களுக்குத் தெரிந்தவை சார்மினாரும் கோல்கொண்டாவும்தான். அவையும் ஊரிலிருந்து மைத்துனர் குடும்பம் வந்தபோது அழைத்துச் சென்று காட்டியதால் தெரிந்தவை. தினமும் காலை வைக்கும் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று கேட்டால், "அதெல்லாம் யாருக்குத் தெரியும் சார்?" என்பார்கள்.

வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்களை இதற்காகக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தெருவைப் பாராமல் நடப்பதால் நஷ்டம் நமக்கேதான். பெரும் செலவு எதுவுமின்றி, காலில் ஒரு செருப்பும் கையில் ஒரு குடையும் இருந்தால் போதும். இந்த ஊரே நமக்கு வாத்தியாராக வந்து பாடம் சொல்லும்.

ஸ்டேஷன் பலகையே அரிச்சுவடி

தெலுங்கு படிக்க வராது என்று சொல்லும் நம்மவர்களுக்கு ஒரு சுலப வழி உண்டு. ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையைப் பாருங்கள். ஒரே பெயர் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம், உருது ஆகிய எழுத்துக்களில் இருக்கும். பெயர் நமக்கு முன்பே தெரிந்ததுதான். ஆகவே எந்த எழுத்து எந்த ஒலி என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

செகந்தராபாத் பலகையையும் ஐதராபாத் பலகையையும் ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டிலும் கடைசியில் வரும் "பாத்" ஒரே மாதிரி இருப்பது புலப்படும். அங்கேயே இரண்டு எழுத்துக்கள் கைவசமாகிவிடும். தெலுங்கு எழுத்துக்கள் பலவற்றின் தலையில் ஒரு சிறு கொக்கி இருக்கிறது. அதற்குப் பெயர் "தலகட்டு". நடுவில் வரும் பூஜ்யம் போன்ற வட்டம் "சுன்னா". அது ந், ம் முதலிய மூக்கொலிகளுக்கு உரியது. நமக்கு "க" ஒன்றே நான்கு ஒலிக்கு உழைக்கிறது. அவர்களுக்கு நான்குக்கும் நான்கு எழுத்து. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், பஸ் பலகைகளிலும் கடைப் பலகைகளிலும் மீதியைக் கற்றுக்கொள்ளலாம். தினம் இரண்டு எழுத்து என்றால் ஒரு மாதத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும்.

2017-ம் வருஷத்திலிருந்து தெலங்கானா முழுவதற்கும் உருது இரண்டாவது ஆட்சிமொழி. ஆதலால் அரசுப் பலகைகள் பலவற்றில் வலமிருந்து இடமாக ஓடும் அந்த எழுத்தையும் காணலாம்.

"நல்ல" என்றால் கறுப்பு!

எழுத்து தெரிந்துவிட்டால் அடுத்தது பொருள். இங்கேதான் தமிழர்களுக்கு வேடிக்கை காத்திருக்கிறது. நல்லகுண்டா என்று ஒரு பேட்டை இருக்கிறது. "நல்ல" என்பதைக் கேட்டதும் நமக்கு நல்லது என்றே தோன்றும். தெலுங்கில் "நல்ல" என்றால் கறுப்பு; "குண்ட" என்றால் குட்டை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது கருங்குட்டை!

செகந்தராபாத்தில் ரயில் பாதைப் பக்கம் ஆலுகட்டபாவி என்று ஓர் இடம். "பாவி" என்று யாரைத் திட்டுகிறார்கள் என நம்மவர் திகைப்பதுண்டு. தெலுங்கில் "பாவி" என்றால் கிணறு. "ஆலுகட்ட" என்றால் உருளைக்கிழங்கு. எவரையும் திட்டவில்லை. சீத்தாபல்மண்டி என்பது சீத்தாப்பழ மண்டியே அன்றி வேறில்லை. "பல்லி" என்று முடியும் பேர்கள் கிராமத்தைக் குறிப்பவை. "குட்ட" என்றால் குன்று. "செருவு" என்றால் ஏரி. "பண்ட" என்றால் பாறை. இந்த நாலைந்து சொற்கள் தெரிந்தால், கட்டிடங்களுக்கு அடியில் புதைந்து கிடக்கும் பழைய ஐதராபாத்தின் ஏரி, குளம், குன்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மழைக்காலத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள், "குண்ட", "செருவு" என்று முடியும் பேட்டைகளில் இரண்டு தடவை விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது புத்திசாலித்தனம். தண்ணீர் தன் பழைய வீட்டை மறப்பதில்லை.

எர்ரகட்டா என்ற பெயரில் "எர்ர" என்றால் சிவப்பு. அங்கே மனநல ஆஸ்பத்திரி இருப்பதால், யாராவது தாறுமாறாகப் பேசினால் "எர்ரகட்டாவுக்கு அனுப்ப வேண்டும்" என்று இந்த ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கத்தை வைத்து நாம் செய்யும் அதே கேலிதான். நோயாளிகளை நினைத்தால் இரண்டுமே அழகல்ல.

பொருள் போயிற்று, பெயர் நின்றது

ஊரின் சரித்திரத்தைப் புத்தகத்தில்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. கண்டக்டர் கூவும் நிறுத்தப் பெயர்களிலேயே அது இருக்கிறது. லக்டிகாபூல் என்றால் மரப் பாலம். மரப் பாலம் எப்போதோ போய்விட்டது. பெயர் மட்டும் ரயில் நிலையப் பலகையில் நிற்கிறது. தார்நாகாவில் "தார்" என்றால் கம்பி, "நாகா" என்றால் சாவடி. கம்பி வேலியிட்ட சாவடி ஒன்று அங்கே இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். பாரடைஸ் என்பது ஒரு சினிமாக் கொட்டகையின் பெயர். கொட்டகை மறைந்தது, பிரியாணியால் பெயர் பிழைத்தது. 2017-ல் வந்த மெட்ரோ ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயரே அமைந்தது.

ஆபிட்ஸ் கடைவீதிக்குப் பெயர் கொடுத்தவர், ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கானிடம் அணுக்கப் பணியாளராக இருந்த ஆல்பர்ட் ஆபித் என்ற அர்மீனியர். அவர் அங்கே வைத்த கடையின் பெயரே வட்டாரத்தின் பெயராயிற்று. மாசாப் டாங்க் என்பதில் "மாசாப்" என்பது "மா சாஹேபா" என்ற அரச குடும்பத்து அம்மையாரின் பட்டப்பெயர் தேய்ந்தது. எல்லாவற்றிலும் விசித்திரம் மூசாராம்பாக். நிஜாமின் படையில் தளபதியாக இருந்து 1798-ல் இறந்த பிரெஞ்சுக்காரர் ரேமாண்ட் என்பவரை இங்குள்ள ஜனங்கள் மிகவும் நேசித்தார்கள். முஸ்லிம்கள் அவரை மூசா ரஹீம் என்றார்கள்; ஹிந்துக்கள் மூசா ராம் என்றார்கள். அதுவே பேட்டையின் பெயராக நிலைத்தது.

பிரெஞ்சுக்காரனையும் அர்மீனியனையும் தன் வாய்க்கு ஏற்றபடி மாற்றி வைத்துக்கொண்ட ஊர் இது. எங்கிருந்தோ வந்து உழைக்கும் நமக்கும் இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

நம்மவர் பெயரும் உண்டு

ஆறுதல் என்ன, உரிமையே இருக்கிறது! செகந்தராபாத் 1806-ல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அமைந்த தண்டு. பழைய ஆட்கள் இன்றும் அதை "லஷ்கர்" என்றே சொல்வார்கள். லஷ்கர் என்றால் படை. படையோடு சென்னை ராஜதானியிலிருந்து வியாபாரிகளும் குமாஸ்தாக்களும் கண்டிராக்டர்களும் வந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். பத்மராவ் நகர் என்று பஸ்ஸில் தினமும் டிக்கெட் கேட்கிறோமே, அது திவான் பகதூர் பத்மராவ் முதலியாரின் பெயர். செகந்தராபாத் கடைவீதியில் சோமசுந்தரம் தெரு என்ற பலகையைப் பார்க்கலாம். பத்மராவ் நகர் ஸ்கந்தகிரியில் முருகன் கோவில் கொண்டிருக்கிறார் என்பதைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாலையில் ஓடும் வண்டிகளையும் கவனியுங்கள். போர்வெல் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். அதன் எண் டி.என். 34 என்று தொடங்கினால் அது திருச்செங்கோட்டு வண்டி. டி.என். 28 என்றால் நாமக்கல். ஐதராபாத்தின் புறநகரில் தமிழ் எழுத்தோடு அந்த லாரியைக் கண்டதும் மனசு ஒரு நிமிஷம் ஊருக்குப் போய்விட்டு வருகிறது.

எண் பலகை சொல்லும் கதை

வண்டி எண்களிலேயே ஒரு மாநிலத்தின் கதை எழுதியிருக்கிறது. ஏ.பி. என்று இருந்தால் அது ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் பதிவானதாக இருக்கும். அல்லது இன்றைய ஆந்திராவிலிருந்து வந்ததாக இருக்கும். டி.எஸ். என்றால் 2014 ஜூன் 2-ந் தேதி தெலங்கானா பிறந்த பிறகு பதிவானது. டி.ஜி. என்றால் 2024 மார்ச்சுக்குப் பின் வந்தது. பழைய வண்டி வாங்க நினைக்கும் அன்பர்கள், தரகர் சொல்லும் வருஷத்தை இதைக் கொண்டே ஓரளவு சரிபார்க்கலாம்.

அரசு பஸ்களின் எண்ணில் "இசட்" என்ற ஆங்கில எழுத்து இருப்பதைக் கண்டிருப்பீர்கள். நிஜாம் காலத்தில் 1932-ல் ரயில்வேயே 27 பஸ்களைக் கொண்டு சாலைப் போக்குவரத்தைத் தொடங்கியது. கடைசி நிஜாமின் தாயார் ஜஹ்ரா பேகத்தின் நினைவாக அந்த எழுத்து வந்தது என்று இங்கே சொல்லி வருகிறார்கள். மகன் தாய்க்குச் செய்த மரியாதை, மூன்று மாநிலப் பெயர்களைத் தாண்டி இன்னும் பஸ்ஸின் நெற்றியில் இருக்கிறது.

தூண் எண் காத்த உயிர்

இதெல்லாம் பொழுதுபோக்குக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் வேலை செய்து பிழைக்கிறவனுக்கு இதனால் என்ன பிரயோஜனம் என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக ஒரு சம்பவம். ஒரு கோடைகாலத்தில் தில்சுக்நகர் பக்கம் சென்டரிங் வேலைக்கு வந்திருந்த நம் ஊர் வாலிபர் ஒருவர், வேலை முடிந்து திரும்பும்போது வெயில் தாங்காமல் சாலையோரத்தில் சுருண்டு விழுந்தார். கூட இருந்தவர்கள் 108-க்குப் போன் செய்தார்கள். (2005 ஆகஸ்ட் 15-ல் இந்தச் சேவை முதன்முதலாகத் தொடங்கியது இதே ஐதராபாத்தில்தான்.) மறுமுனையில் முதலில் கேட்ட கேள்வி, "எங்கே இருக்கிறீர்கள்?"

நாலு மாதமாக அதே சாலையில் போய் வந்தவர்கள்தான். ஆனால் "பெரிய பாலத்துக்குக் கீழே" என்பதற்கு மேல் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. மெட்ரோ பாதை மைல் கணக்கில் ஓடுகிறது. எங்கும் பெரிய பாலம்தான். பக்கத்தில் இட்லி பண்டி வைத்திருந்த அம்மாள் ஒருவர் போனை வாங்கி, எதிரே நின்ற மெட்ரோ தூணின் எண்ணைப் படித்துச் சொன்னார். வண்டி வந்து சேர்ந்தது, வாலிபர் பிழைத்தார். இதை நம்மிடம் சொன்னவர் உடனிருந்த மேஸ்திரி. "அந்தத் தூணில் எண் இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன் சார்" என்றார் அவர்.

மெட்ரோ தூண்கள் ஒவ்வொன்றிலும் எழுத்தும் எண்ணுமாக அடையாளம் உண்டு. மெஹதிப்பட்டணத்திலிருந்து ஆராம்கர் வரை போகும் 11.6 கிலோ மீட்டர் மேம்பாலத்துத் தூண்களுக்கும் எண் உண்டு. கடைக்காரர்கள் விலாசத்திலேயே "பில்லர் நம்பர்" போடுகிறார்கள். வீட்டுக் கதவு எண்ணும் அப்படியே. 6-3 என்று தொடங்கினால் சோமாஜிகூடா பக்கம். 12-13 என்றால் தார்நாகா பக்கம். முதல் எண் வார்டு, இரண்டாவது பிளாக், மூன்றாவது வீடு. கோடு போட்டு வருவது பின்னால் பிரித்த பாகம். இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் ஆட்டோக்காரரிடம் திண்டாட வேண்டியதில்லை.

அண்ணா, அக்கா, பாய்

வழி கேட்கக் கூச்சப்பட வேண்டாம். தெலுங்கிலும் அண்ணனுக்கு "அன்னா"தான், அக்காளுக்கு "அக்கா"தான். வண்டியை அவர்கள் "பண்டி" என்கிறார்கள்; அவ்வளவே வித்தியாசம். பழைய நகரத்தில் "பாய்" என்று அழைத்துக் கேட்டால், கேட்டதற்கு மேல் நாலு அடி கூடவே வந்து வழி காட்டுவார்கள். அவர்கள் பேசும் தக்கணி உருதுவில் "மேரேகு", "தேரேகு" என்பது நம் "எனக்கு", "உனக்கு" மாதிரியே காதில் விழும். "ஹௌ" என்றால் ஆமாம். "நக்கோ" என்றால் வேண்டாம். ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை: "பர்ஸோ" என்றால் முந்தாநாள் என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஐதராபாத்தில் அது போன மாதமாகவும் இருக்கலாம், போன வருஷமாகவும் இருக்கலாம்!

தெரு முனையில் இரானி ஹோட்டல் இருந்தால் உட்கார்ந்து ஒரு டீ, இரண்டு உஸ்மானியா பிஸ்கட்டுக்குச் சொல்லுங்கள். பேட்டையின் பாதிச் சேதி அங்கேயே கிடைத்துவிடும்.

தெருவில் வரும் ஆவாரம்பூ

நாள்காட்டி பாராமலே மாதம் சொல்லும் தெருக்கள் இவை. நம் ஆடி மாதத்தை ஒட்டிப் பெண்கள் வேப்பிலை கட்டிய பானையைத் தலையில் ஏந்தி வரிசையாகப் போனால் அது போனாலு. "போனம்" என்றால் அம்மனுக்குப் படைக்கும் சோறு. நம் மாரியம்மன் கோவில் கூழுக்கும் பொங்கலுக்கும் அது சகோதரி. புரட்டாசியில் தெருவோரம் மஞ்சள் பூவைக் குவித்து வைத்து விற்பார்கள். பெண்கள் வாங்கிக் கோபுரம் போல அடுக்குவார்கள். அது பதுகம்மா. அந்த மஞ்சள் பூவை உற்றுப் பாருங்கள். இங்கே அதற்குத் "தங்கேடு" என்று பெயர். தெலங்கானாவின் மாநில மலர். நம் ஊரில் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் ஆவாரம்பூவேதான் அது!

வாசலில் போடும் கோலத்துக்கு இங்கே "முக்கு" என்று பெயர். காலை ஆறு மணிக்கு நடந்தால், புள்ளிக் கோலம் போடுவதில் நம் பெண்களுக்கு இவர்கள் இளைத்தவர்கள் அல்ல என்பது தெரியும்.

புளியமரத்தின் சாட்சி

பலகை இல்லாத சரித்திரமும் இருக்கிறது. அப்சல்கஞ்ச் பக்கம் போகிறவர்கள் உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்திலுள்ள பழைய புளியமரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வர வேண்டும். 1908 செப்டம்பர் 28-ந் தேதி மூசி நதி கரை புரண்டு ஊரை அழித்தது. சுமார் 15,000 பேர் மாண்டனர் என்பது கணக்கு. அன்று இந்த மரத்தின் கிளைகளில் தொற்றிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் தப்பினார்கள். மாடி வீடுகள் போயின, மரம் நின்றது. அதன் பிறகே விசுவேசுவரய்யாவை அழைத்து யோசனை கேட்டார்கள். 1920-ல் உஸ்மான் சாகரும் 1927-ல் ஹிமாயத் சாகரும் உண்டாயின.

உஸ்மான் சாகருக்கு காண்டிபேட் ஏரி என்றும் பெயர். "காண்டிபேட் தண்ணீர் குடித்தவன் ஐதராபாத்தை விட்டுப் போகமாட்டான்" என்பது இந்த ஊர் வழக்கு. இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்து, பிள்ளைகளுக்கு இங்கேயே கல்யாணமும் செய்துவிட்ட நம்மவர்களைக் கேட்டால் அது உண்மை என்பார்கள்.

இப்போதே பார்த்துவிட வேண்டும்

ஊர் வேகமாக மாறுகிறது. நம்மில் பலர் முதன்முதலாக மூட்டையோடு இறங்கி நின்ற செகந்தராபாத் ஸ்டேஷனின் பழைய முகப்பு, புது நிலையம் கட்டுவதற்காக 2025-ல் இடிக்கப்பட்டது. புது நிலையம் வசதியாகவே இருக்கும். வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த முகப்பைப் பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது நின்று காட்டியவர்கள் எத்தனை பேர்?

நடப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை உத்தமம். நடைபாதையைக் கடைகளும் மோட்டார் சைக்கிள்களும் பிடித்துக்கொள்வதற்கு முன் கிளம்பிவிட வேண்டும். ஆபிட்ஸில் ஞாயிறுதோறும் நடைபாதையில் பழைய புத்தகங்கள் பரப்பியிருப்பார்கள். போகிற வழியில் அதையும் பார்க்கலாம். பிள்ளைகளையும் கூட அழைத்துப் போங்கள். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படிக்கும் பிள்ளை பலகையைப் படிக்கட்டும், தகப்பனார் அர்த்தம் விசாரிக்கட்டும்.

முதல் வேலையாக, குடியிருக்கும் தெருவின் பெயர், கதவு எண், பக்கத்திலுள்ள தூணின் எண் அல்லது கோவிலின் பெயர், இவற்றைத் தெலுங்கில் ஒரு சீட்டில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கும் தம்பிமார்களுக்கும் அப்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். எழுதித் தரத் தெரு முனை டீக்கடை அன்னா இருக்கிறார். அவரிடமே அந்தப் பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். டீ ஆறிப்போகும் வரை சொல்லிக்கொண்டிருப்பார்.